தெருவுக்கு முதலாளி யார்? லிட்டில் இந்தியாவும் வர்த்தகர் சங்கமும்



தீபாவளிக்குப் பல வாரங்களுக்கு முன்பே சிராங்கூன் சாலையில் விளக்குத் தோரணங்கள் எரிய ஆரம்பித்துவிடும். நாமும் போகிறோம், படம் எடுக்கிறோம், தோசை சாப்பிடுகிறோம், எம்ஆர்டி பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்த விளக்குக்கு யார் காசு போட்டது, யார் அனுமதி வாங்கியது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? "அரசாங்கம் போட்டிருக்கும்"னு ஒரு பதில் கைவசம் இருக்கும். அது பாதிப் பதில்தான்.

ஒரு நகரப் பகுதி வளர அங்கிருக்கும் கடைக்காரர்களின் சங்கம் எப்படி உதவுகிறது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். எடுத்துக்காட்டு நமக்குத் தெரிந்த இடமே: தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா.

1. மாலுக்கு மேனேஜர் உண்டு, தெருவுக்கு?

முதலில் ஒரு பேரங்காடியை நினைத்துப் பாருங்கள். முழுக் கட்டடமும் பொதுவாக ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும். எந்தத் தளத்தில் எந்தக் கடை, எப்போது கூட்ட வேண்டும், பண்டிகைக்கு என்ன அலங்காரம் எல்லாவற்றையும் அந்த நிர்வாகம் முடிவு செய்யும். அதற்கான செலவை வாடகையோடு சேர்த்து ஒவ்வொரு கடையிடமும் வாங்கிவிடும். விளம்பரத்துக்கென்று தனிக் கட்டணம்கூட உண்டு. "எனக்கு அலங்காரம் வேண்டாம், நான் காசு தர மாட்டேன்" என்று ஒரு கடைக்காரர் அங்கே சொல்ல முடியாது. ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்.

தெரு அப்படி இல்லை. ஒவ்வொரு கடைவீட்டுக்கும் ஒரு சொந்தக்காரர். அதில் வாடகைக்கு இருப்பவர் இன்னொருவர். சாலை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு. தெருவைக் கூட்டுவது வேறு துறை, பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்வது நகர மறுசீரமைப்பு ஆணையம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் ஆள் இருக்கிறார். ஆனால் "இந்தத் தெரு முழுசா நல்லா இருக்கா?" என்று கேட்க ஆள் இல்லை.

பொறியியல் வகுப்பில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: பாகங்கள் தனித்தனியாகச் சரியாக இருந்தால் மட்டும் இயந்திரம் ஓடாது, ஒரு பாகம் இன்னொன்றோடு சேரும் இடத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று. தெருவில் அந்தச் சேரும் இடத்தைக் கவனிக்கும் வேலையைத்தான் வர்த்தகர் சங்கம் எடுத்துக்கொள்கிறது.

லிட்டில் இந்தியாவில் இதைச் செய்வது லிட்டில் இந்தியா வர்த்தகர்கள், மரபுடைமைச் சங்கம். சுருக்கமாக லிஷா. இதைச் சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக, தொழிற்சபையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1924இல் இந்திய வணிகர்களின் சங்கமாகத் தொடங்கிய அந்தச் சபை நாடு முழுக்க உள்ள இந்திய வணிகர்களுக்கானது. லிஷா ஒரு வட்டாரத்துக்கானது.

2. தேக்கா வளர்ந்த கதை

சங்கம் என்ன செய்கிறது என்று புரிய வேண்டுமானால், இடத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேக்காவின் தெருப்பெயர்களே அதன் வரலாறு. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை இரண்டுக்கும் பொருள் எருமைதான், ஒன்று ஆங்கிலம், மற்றது மலாய். ஒரு காலத்தில் இங்கே மாட்டு வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் 1933 வரை ஃபேரர் பார்க்கில் இருந்த குதிரைப் பந்தயத் திடலால் வந்தது. அந்தக் காலத்துத் தமிழர்கள் இந்தப் பக்கத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள், இங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால். வேலை இருந்த இடத்தில் ஆட்கள் தங்கினார்கள். ஆட்கள் தங்கிய இடத்தில் கோயில் வந்தது. கோயிலைச் சுற்றிப் பூக்கடை, வெற்றிலைக் கடை, சாப்பாட்டுக் கடை, நகைக்கடை என்று வரிசையாக வந்தன.

கோயிலுக்கும் கடைக்கும் உள்ள உறவைக் கவனியுங்கள். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலுக்கும் வருகிறவர்கள் மாலை, தேங்காய், கற்பூரம் வாங்குகிறார்கள். தைப்பூசத்தன்று காவடிகள் பெருமாள் கோயிலிலிருந்துதான் டேங்க் ரோட்டுக்குக் கிளம்புகின்றன. பேரங்காடியில் கூட்டம் சேர்க்க ஒரு பெரிய கடையை முதலில் பிடித்துப் போடுவார்கள். தேக்காவில் அந்த வேலையை நூறு வருடத்துக்கும் மேலாகக் கோயில்கள் செய்துவருகின்றன, வாடகைக் கணக்கு பார்க்காமல்.

பிறகு சில பெரிய மாற்றங்கள் வந்தன. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதனால் பழைய கடைவீடுகளை இடிக்க முடியாது. 2001இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்தது. பழைய வாடகைக்கு இருந்தவர்கள் சந்தை வாடகைக்கு மாற வேண்டிய நிலை. 2003இல் வடகிழக்கு எம்ஆர்டி பாதை திறந்து, லிட்டில் இந்தியாவுக்கும் ஃபேரர் பார்க்குக்கும் நிலையங்கள் கிடைத்தன. 2015இல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது.

இந்த நான்கையும் எந்த ஒரு கடைக்காரரும் தனியாக நின்று கொண்டுவந்திருக்கவும் முடியாது, தடுத்திருக்கவும் முடியாது. மாற்றம் வரும்போது "எங்கள் தெருவுக்கு இது எப்படிப் பொருந்தும்?" என்று பேச ஒரு வாய் வேண்டும். சங்கம் தேவைப்படுவது இதனால்தான்.

3. சங்கம் செய்யும் நான்கு வேலைகள்

முதல் வேலை: பண்டிகைக் காலத்தை நடத்துவது. தீபாவளி ஒளியூட்டை லிஷா, இந்து அறக்கட்டளை வாரியம், சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் ஆகியவற்றுடன் சேர்ந்து செய்துவந்திருக்கிறது. பார்க்க அழகு மட்டும் தெரியும். உள்ளே பெரிய வேலை இருக்கிறது. சாலைக்கு மேலே தொங்கும் தோரணம் காற்றையும் மழையையும் தாங்க வேண்டும். கீழே இரட்டை மாடிப் பேருந்து போக இடம் வேண்டும். மின்சாரம் எங்கிருந்து வரும், மழையில் ஒயர் நனைந்தால் என்ன செய்வது, கூட்டம் நெருக்கினால் எந்தச் சந்தைத் திறந்துவிடுவது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது வேலை: கூட்டத்தை ஆண்டு முழுக்கப் பரப்புவது. தீபாவளி வாரத்தில் மட்டும் நிரம்பி வழியும் தெரு பிழைக்காது, ஏனென்றால் வாடகை பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டும். பொங்கலுக்கு மாடுகளைக் கொண்டுவந்து காட்டுவது, இந்தியப் புத்தாண்டுக் கொண்டாட்டம் என்று மற்ற மாதங்களிலும் லிஷா நிகழ்ச்சிகள் வைப்பதை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளை மாட்டை நேரில் பார்ப்பது ஒரு பண்பாட்டுப் பாடம். அந்தப் பிள்ளையோடு வரும் அம்மா அப்பா கரும்பும் பானையும் வாங்குவது பொருளாதாரம். இரண்டும் சேர்ந்தே நடக்கிறது.

மூன்றாவது வேலை: ஒரே குரலில் பேசுவது. 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரம் நமக்கெல்லாம் தெரியும். அதற்குப் பிறகு மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. 2015 சட்டத்தின்கீழ் லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமானது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைந்ததாகவும் வியாபாரம் விழுந்ததாகவும் கடைக்காரர்கள் சொன்னார்கள். அதே சமயம், அங்கே குடியிருப்பவர்களுக்கு அமைதி வேண்டும் என்பதும் நியாயம்தான். இந்த மாதிரி நேரத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் தனியாகக் கடிதம் எழுதினால் அது ஒரு புகார். பல கடைகள் சேர்ந்து ஒரு சங்கமாகப் பேசினால் அது ஒரு கருத்து, மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

நான்காவது வேலை: கெட்ட காலத்தில் தெருவை உயிரோடு வைத்திருப்பது. 2020இல் கொவிட் வந்தபோது தேக்காவுக்கு இரட்டை அடி. சுற்றுப்பயணிகள் இல்லை. ஞாயிறுதோறும் வரும் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளை விட்டு வெளியே வர முடியவில்லை. அந்த ஆண்டு தீபாவளிச் சந்தை நடக்கவில்லை. ஆனால் விளக்கு எரிந்தது. "இதெல்லாம் வீண் செலவு இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். கடை திறந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல ஒரு விளக்காவது எரிய வேண்டும் என்பது என் கருத்து.

4. ஒரு சின்னக் கணக்கு

இப்போது பாடத்தின் முக்கியமான இடம். இதெல்லாம் நல்ல வேலைதானே, பிறகு ஏன் எந்த ஊரிலும் இப்படிப்பட்ட சங்கங்கள் காசுக்கு அல்லாடுகின்றன?

ஒரு கற்பனைத் தெரு. 100 கடைகள். விளக்குச் செலவு 50,000 வெள்ளி. ஆளுக்கு 500 வெள்ளி. விளக்கு முழுசாக எரிந்தால் ஒவ்வொரு கடைக்கும் கூடுதலாக 800 வெள்ளி லாபம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் கொடுத்தால் எல்லாருக்கும் 300 வெள்ளி மிச்சம். நல்ல திட்டம்.

இப்போது ஒரு கடைக்காரர் யோசிக்கிறார்: "நான் மட்டும் கொடுக்காவிட்டால் என்ன?" விளக்கில் நூற்றில் ஒரு பங்கு குறையும். அவருக்கு வரும் லாபம் 800இலிருந்து 792 ஆகும். ஆனால் 500 வெள்ளி பையிலேயே இருக்கும். கொடுத்தால் 300, கொடுக்காவிட்டால் 792. புத்திசாலி எதைச் செய்வார்?

அதே யோசனை பக்கத்துக் கடைக்கும் வரும். 50 பேர் நின்றுவிட்டால் விளக்கு பாதி, லாபமும் பாதி, அதாவது 400. அப்போது கொடுத்தவருக்கு 100 வெள்ளி நட்டம், கொடுக்காதவருக்கு 400 வெள்ளி லாபம். அடுத்த வருடம் கொடுத்தவர்களும் நின்றுவிடுவார்கள். தெரு இருட்டாகும். யாரும் கெட்டவர் இல்லை. எல்லாரும் தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் கிடைத்திருக்க வேண்டிய 300 வெள்ளி போய்விட்டது.

மான்கர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1965இல் வெளியிட்ட நூலில் இந்தச் சிக்கலைத்தான் அலசினார். பொதுவான நன்மை என்று தெரிந்தாலும், கூட்டம் பெரிதாகப் பெரிதாக ஆட்கள் தானாக முன்வந்து பங்கு கொடுப்பது குறையும் என்பது அவர் வாதத்தின் சாரம். நம் பாட்டிகள் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். வடத்தைப் பிடித்த மாதிரி கை வைத்துக்கொண்டு இழுக்காமல் நடப்பவரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார். பத்துப் பேர் அப்படி இருந்தால் தேர் ஓடும். பாதிப் பேர் அப்படி ஆனால் தேர் நிலைக்கு வராது.

5. மூன்று தீர்வுகள்

இந்தக் கணக்கை உடைக்க உலகத்தில் மூன்று வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழி நம்முடையது: மகமை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கு என்று எடுத்து வைக்கும் வழக்கம். தமிழ்நாட்டின் தென்பகுதியில் விருதுநகர், சிவகாசி போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் மகமைப் பணத்தில் பள்ளிக்கூடங்கள் வரை நடத்தினார்கள். இங்கே சிங்கப்பூரிலும் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்த நகரத்தார், 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டினார்கள். தொழிலில் ஒரு பங்கு முருகனுக்கு என்பது அவர்கள் வழக்கம். மகமை ஏன் வேலை செய்தது? எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். கொடுக்காதவருக்குச் சபையில் மரியாதை போய்விடும். மரியாதை போனால் கடனும் கிடைக்காது. அதன் பலவீனமும் அதுதான்: ஒரே சமூகத்துக்குள் இருக்கும்வரைதான் அது பலம். இன்றைய தேக்காவில் தமிழர், வடஇந்தியர், சீனர், பங்ளாதேஷிகள் எல்லாரும் கடை வைத்திருக்கிறார்கள். புது மகமைக்குச் சாதியும் ஊரும் அடிப்படையாக இருக்க முடியாது. தெரு ஒன்றுதான் அடிப்படையாக இருக்க முடியும்.

இரண்டாவது வழி சட்டம். கனடாவின் டொரான்டோ நகரில் புளோர் வெஸ்ட் வில்லேஜ் என்றொரு கடைத்தெரு. 1960களில் சுரங்க ரயில் வந்ததும், தெருவில் நடந்துபோனவர்கள் மண்ணுக்கடியில் போனார்கள். பெரிய பேரங்காடிகளும் வந்தன. கடைக்காரர்கள் நகராட்சியிடம் போய், "எங்கள் எல்லாரிடமும் கட்டாயமாக ஒரு சிறு வரி வசூலித்து, அதை எங்கள் கையிலேயே கொடுங்கள்" என்று கேட்டார்கள். வியாபாரிகளே வரி கேட்டு வாங்கியது அதிசயம்தானே! 1970இல் அது நடைமுறைக்கு வந்தது. உலகத்திலேயே முதல் வணிக மேம்பாட்டு வட்டாரம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இன்று டொரான்டோவில் மட்டும் 80க்கும் மேல் இருக்கின்றன. இங்கிலாந்தில் இதே திட்டத்துக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது வாக்கெடுப்பு உண்டு. பிடிக்கவில்லை என்றால் கடைக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவது வழி கூட்டுச் செலவு. அரசு, கோயில் வாரியம், விளம்பரதாரர், சங்கம் என்று பலர் பங்கு போடுவது. சிங்கப்பூர் பெரும்பாலும் இந்த வழியில் போகிறது. நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் தொடங்கிய வணிக மேம்பாட்டு வட்டார முன்னோடித் திட்டத்திலும் சேருவது விருப்பத்தைப் பொறுத்தது. வட்டாரத்தார் திரட்டிய பணத்துக்கு ஈடாக அரசும் பணம் போட்டது. இந்த வழியில் சண்டை குறைவு. ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. வெளியிலிருந்து வரும் காசில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், "அதான் அவங்க பார்த்துக்கிறாங்களே" என்ற எண்ணம் கடைக்காரருக்கும் வந்துவிடும், நமக்கும் வந்துவிடும்.

மலேசிய நண்பர்கள் பிரிக்ஃபீல்ட்ஸை நினைத்துப் பார்க்கலாம். 2010 அக்டோபர் 27 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் வந்து அங்கே லிட்டில் இந்தியாவைத் தொடங்கி வைத்தார்கள். அலங்காரத்தை அரசு ஒரே நாளில் திறந்து வைக்க முடியும். மறுநாள் காலையிலிருந்து அந்தத் தெருவைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அங்கே கடை வைத்திருப்பவர்கள்தான்.

6. வளர்ச்சி யாருக்கு?

சங்கம் வெற்றி பெற்றுத் தெருவுக்குக் கூட்டம் வருகிறது. அடுத்து என்ன நடக்கும்? வாடகை ஏறும். தெருவை உழைத்து உயர்த்தியவர் வாடகைக்கு இருப்பவர், ஏறிய விலையை எடுத்துக்கொள்பவர் கட்டடக்காரர். உயர்ந்த வாடகையைச் சாப்பாட்டுக் கடையும் நகைக்கடையும் கட்டிவிடலாம். பூ கட்டுபவர், மாவு அரைப்பவர், பூசைச் சாமான் விற்பவர், பழைய தையற்காரர் எப்படிக் கட்டுவார்கள்? அவர்கள் போய்விட்டால் தேக்கா படம் எடுக்க மட்டும் நல்ல இடமாக மிஞ்சும்.

அதனால் கூட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து "வளர்ச்சி" என்று சொல்லிவிடக் கூடாது. நான் நான்கு அளவுகோல்களைச் சொல்வேன். சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் எத்தனை பேர் வருகிறார்கள்? எத்தனை வகைத் தொழில்கள் இருக்கின்றன? ஒரு கடை மூடினால் அதே தொழில் வேறு கையில் தொடர்கிறதா? ஊழியர்கள், குடியிருப்பாளர்கள், பக்தர்கள் எல்லாரும் தங்களுக்கு அங்கே இடம் இருக்கிறது என்று நினைக்கிறார்களா? கடைசிக் கேள்வி முக்கியம். சங்கம் கடைக்காரர்களுடையது. ஞாயிற்றுக்கிழமை புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசும் ஊழியருக்கு அதில் ஓட்டு இல்லை. ஆனால் தெருவின் ஒரு பங்கு வியாபாரம் அவரால்தான். சங்கத்தின் பெயரிலேயே வர்த்தகமும் மரபுடைமையும் சேர்ந்து இருக்கின்றன. இரண்டையும் ஒரே தராசில் வைத்திருப்பதுதான் அதன் உண்மையான சோதனை.

7. நமக்கு என்ன வேலை?

இதுவரை கடைக்காரர்களின் கணக்கைப் பார்த்தோம். அதே கணக்கில் நாமும் இருக்கிறோம். விளக்கைப் பார்க்கத் தேக்கா, பொருள் வாங்க இணையம் என்றால், வடத்தில் கை வைத்துவிட்டு இழுக்காமல் நடப்பவர் நாம்தான். தர்மம் என்றால் உண்டியலில் போடுவது மட்டும் இல்லை. நாம் அனுபவிக்கும் ஒன்றுக்கு நம் பங்கைத் திருப்பிக் கொடுப்பதும் தர்மம்தான்.

பெரிய காரியம் செய்ய வேண்டாம். மாதம் ஒருமுறை வீட்டுப் பூசைச் சாமானை ஒரு சின்னக் கடையில் வாங்குங்கள். வடிவமைப்பு, மின்னியல், கணக்கியல் என்று எதைப் படித்தாலும், பண்டிகைக் காலத்தில் அந்தத் திறமையில் இரண்டு மாலைப் பொழுதைக் கொடுங்கள். வயதான கடைக்காரருக்குக் கியூஆர் கட்டணம் அமைத்துக் கொடுப்பதும், விலைப்பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுப்பதும் நமக்கு அரைமணி நேர வேலை. அவருக்கு அது அடுத்த ஐந்து வருட வியாபாரம்.

கலந்துரையாடக் கேள்விகள்

1. மேலே சொன்ன 100 கடைக் கணக்கில், எத்தனை பேர் நின்றதும் கொடுத்தவருக்கு நட்டம் ஆரம்பிக்கிறது? கண்டுபிடியுங்கள்.

2. கட்டாயச் சந்தா, விருப்பச் சந்தா: உங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கு எது பொருந்தும்? ஏன்?

3. உங்கள் கோயிலைச் சுற்றி உள்ள கடைகளில் கோயிலால் பிழைப்பவை எவை? அவர்களும் கோயிலும் சேர்ந்து பேச ஓர் இடம் இருக்கிறதா?

செயல்: மூன்று பேர் கொண்ட குழுவாக ஒரு கடைத்தெருவுக்குச் சாதாரண வாரநாளில் போங்கள். கடை வகைகளைப் பட்டியல் எடுங்கள். ஒரு கடைக்காரரிடம், அவருக்கு நேரம் இருக்கும்போது, "அண்ணே, இந்தத் தெருவுக்கு ஒரே ஒரு விஷயம் செய்யலாம்னா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பதிலை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.